எட்டு கிலோ அரிசி

அன்புள்ள சந்தனமாரிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? போனில் பேசினால் பக்கத்தில் உன் தம்பி வேல்சாமி இருப்பான், அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கு வந்து பாப்பாவை எடை பார்த்த வீடியோ வந்தது. தொங்கு தராசில் போட்டதும் அழுதாள், சரி. உடனே வேல்சாமிதான் அவளைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏற வேண்டுமா? அவனுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை இல்லையா? டீச்சர் அவன் எடையைக் கழித்துவிட்டு, "எட்டு கிலோ. போன மாசத்தவிட ஏறியிருக்கு. கம்பங்கூழோட முட்டையும் விடாம குடுங்க" என்கிறார். இவனோ, "எம் மருமவ எங்கிட்டதான் அழாம இருப்பா" என்று பல்லைக் காட்டுகிறான். அவளும் அவன் காலரை விடவில்லை.

அவள் பிறக்கும் முன்பே இங்கே வேலைக்கு வந்துவிட்டேன். ஒரு வயதாகியும் நான் ஒருமுறைகூடத் தூக்காத பிள்ளை.

நேற்று வேலை பார்க்கும் குடோனில் ஒரு பையில் எட்டு கிலோ அரிசி நிறுத்து, தோளில் சாய்த்துக்கொண்டு நின்றேன். "ஏலே கிட்டு, அரிசிக்கா தாலாட்டு பாடுத?" என்று கூட வேலை பார்க்கும் ஓட்டப்பிடாரத்து அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

முதுகுவலி குறைந்திருந்தால், அடுத்த மாதம் நீயே அவளைத் தூக்கிக்கொண்டு ஏறு. அண்ணாச்சி ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார், இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். எடை பார்த்ததும் உடனே சொல். பையில் அரிசி கூட்டிக்கொள்ள வேண்டும்.

உன்
கிட்டு