முதல் எழுத்தை விழுங்கும் குச்சி

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே வெயில். கேப்பைக் கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். வேர்க்கடலை உரித்து மல்லாட்டைத் துவையல் அரைக்க நேரமில்லை. எட்டரை பஸ்ஸில் கோலியனூரில் இருந்து விழுப்புரம். மேகலா, லேப்டாப், போன வாரம் வாங்கிய குச்சி.

குச்சி என்றால் கட்டைவிரல் அளவு. லேப்டாப்பின் பக்கத்தில் செருகினால் சத்தம் வரும். லேப்டாப்பின் சொந்தச் சத்தம், பஸ்ஸில் மடியிலிருந்து விழுந்த அன்றே போய்விட்டது. என் பேத்தி மேகலாவுக்குப் பிறவியிலிருந்து பார்வை இல்லை. அவள் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் லேப்டாப் வாயால் சொல்லும். அதைக் கேட்டுத்தான் அடுத்த எழுத்து. சத்தம் இல்லாவிட்டால் அவளுக்கு அது வெறும் பலகை.

குச்சியின் கோளாறு இது. இரண்டு நொடி சும்மா இருந்தால் தூங்கிவிடுகிறது. எழுப்பினால் முதலில் வருவதை விழுங்கிவிட்டுத்தான் வாய் திறக்கிறது. 'விழுப்புரம்' என்றால் 'புரம்'. ஒற்றை எழுத்து தட்டினால் ஒன்றுமே இல்லை.

கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் செருகி ஒரு பாட்டு போட்டார்.

"சூப்பரா பாடுது பாரு ஆயா. இதுல இன்னா கொற?"

"பாட்டுல மொத எழுத்து போனா யாருக்குப்பா நட்டம்? ஒரே ஒரு எழுத்து தட்டிக் காட்டு, வருதான்னு பாக்கலாம்."

"ஒரு எழுத்து கேக்கவா இத்த வாங்குனீங்க?"

பின்னால் நின்ற ஆள் சிரித்தார். மேகலா முகம் சுண்டிவிட்டது. (இனி மே. என்றே எழுதுகிறேன், விரல் வலி.)

இன்னும் இரண்டு கடை. வேறு அட்டை, வேறு நிறம், வேறு பேர். மூன்றும் ஒரே மாதிரி விழுங்குகின்றன. "உள்ள ஒரே பூச்சிதான் ஆயா. மேல சட்டதான் வேற வேற" என்றாள் மே.

வாங்கியது: மிளகாய்த்தூள், சோப்பு, கொத்தமல்லி. மறந்தது: விளக்குத்திரி.

அடுத்த திங்கள் திண்டிவனத்தில் அவளுக்கு வேலைக்கு டெஸ்ட். காதில் கேட்பதை எழுத்தாகத் தட்டித் தரும் ஆபீஸ். சொந்த லேப்டாப்போடு வரச் சொல்லியிருக்கிறார்கள். மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலை. மகன் போனில், "மேகலாவுக்குத்தான் உதவித்தொக வருதில்ல, எதுக்கும்மா பேஜாரு. இந்த ஒரு டெஸ்டு பாக்கட்டும். ஆவலன்னா இங்க இட்டுக்கினு வந்துடறேன்." இங்கே என்றால் தகரக் கொட்டகை. நாளெல்லாம் அதற்குள் உட்கார்ந்திருப்பாள். பி.ஏ. படித்த பிள்ளை.

ஜூன் 10, செவ்வாய்

மேல்காற்று. முற்றமெல்லாம் புழுதி, இரண்டு தடவை பெருக்கினேன்.

செபாஸ்டின் போன். மெட்ராஸில் மே.வோடு பார்வையற்றோர் பள்ளியில் படித்த பையன், அவனுக்கும் பார்வை இல்லை. கம்ப்யூட்டர் வயிற்றுக்குள் கை விடுகிற வேலை. ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். லேப்டாப்புக்குள் டிரைவர் என்று ஒன்று இருக்கிறதாம். குச்சிக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் பேசும் ஆள். மாட்டுத் தரகர் என்று வைத்துக்கொண்டேன். அந்தத் தரகரை மாற்றி எழுதப் போகிறார்களாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கெட்டது குச்சி. நல்லா இருக்கற லேப்டாப்ப ஏன்டா அறுக்குறீங்க?"

"ஆயா, குச்சிய செஞ்சவன் எந்த நாட்டுல கீறானோ. அவன நாம புடிக்க முடியாது. டிரைவரு நம்ம கையில கீது. அதுக்குள்ள கெட்ட குச்சிங்களுக்குன்னே ஒரு லிஸ்டு. இவன் தூங்குவான், எழுப்பிட்டுப் பேசு. இவன் தப்பா சொல்வான், நம்பாத. அப்டி ஆளுக்கு ஒரு வரி. நம்மாளுக்கும் ஒரு வரி எழுதிடலாம்."

கோளாறு செய்கிறவனுக்கு லிஸ்டில் இடம். ஒழுங்காக வேலை செய்கிறவனுக்குப் பேரே இல்லை. எங்கள் தெருவும் அப்படித்தான்.

அவன் போனில் சொல்லச் சொல்ல இவள் தட்டினாள். கேட்கிற பாதியை வைத்துக்கொண்டு மீதியை ஊகித்து. பிறகு புது டிரைவரைக் கட்டி முடிக்க லேப்டாப்புக்கு இரண்டு மணி நேரமாம். ஒன்றே முக்கால் மணி ஆனபோது கரண்டு போனது. பேட்டரி செத்து வருஷமாகிறது. மறுபடி முதலில் இருந்து.

ஜூன் 11, புதன்

புது டிரைவர் போட்டாயிற்று. குச்சி சுத்த ஊமை. முன்பாவது பாதி பேசியது.

"பழசுக்கே போய்டலாமே மேகலா."

"பழசுல எழுத்த முழுங்குமே ஆயா. டெஸ்டுல உக்காந்துக்கினு என்னத்த தட்டுவேன்?"

என்ன கோளாறு என்று திரையில் இங்கிலீஷில் வந்திருக்குமாம். அதைப் படிக்கச் சத்தம் வேண்டும். சத்தம் வர அதைப் படிக்க வேண்டும். எங்கே போய் முட்டிக்கொள்வது?

மிச்சம் இருந்தது என் கண்தான். எனக்கு இங்கிலீஷ் எழுத்து எல்லாம் தெரியும், பெரியது சின்னது இரண்டும். ஐந்தாம் வகுப்பில் முதல் மார்க். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். சி, ஏ, என், என், ஓ, டி. மே. அதை வார்த்தையாக்கிப் போனில் சொன்னாள். கறுப்புத் திரையில் வெள்ளையாகப் பொடி எழுத்து, கறுப்புச் சேலையில் ரவை கொட்டின மாதிரி.

வரியின் கடைசியில் ஒரு சிறு கோடு, இரண்டு இலக்கம். "அந்த நம்பருதான் முக்கியம் ஆயா" என்றான் செபாஸ்டின். பின்னது 2. முன்னது மங்கல். அதுவும் 2 போலத்தான் இருந்தது. இருபத்திரண்டு என்றேன்.

"இருபத்திரெண்டா? அப்ப தப்பு குச்சி மேல இல்ல. நாமதான் எதோ ஏடாகூடமா எழுதிக்கினு கீறோம்."

இங்கே மட்டும் எழுதுகிறேன். தை மாதத்திலிருந்து வலது கண்ணில் புகை. இதை எழுதுவதற்கே வாசல் வெளிச்சத்துக்கு வந்து பெரிது பெரிதாக எழுதுகிறேன். யாருக்கும் சொல்லவில்லை. மே.வைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறவள் நான். எனக்கும் கண் போகிறது என்று தெரிந்தால் மகன் டெஸ்ட் வரைக்கும் காத்திருக்க மாட்டான், நாளைக்கே வந்து நிற்பான்.

ஜூன் 12, வியாழன்

வெயில் கொளுத்துகிறது. ரசம் தீய்ந்தது.

செபாஸ்டின் தன் தப்பைத் தேடுகிறான். அவன் சொல்ல மே. விரல் பழக்கத்திலேயே ஒரு வரி மாற்றுவது, மறுபடி கட்டுவது, குச்சியைப் பிடுங்கிச் செருகுவது, நான் படிப்பது. காலையிலிருந்து மூன்று தடவை. மூன்று தடவையும் 22 என்றேன். மூன்றாவது தடவை பார்க்கக்கூட இல்லை.

நான் அடுப்பங்கரையில் இருந்தபோது மே. போனில்: "ஆயா படிச்சா தப்பு வராதுடா. எங்க ஆயா அஞ்சாவதுல மொத மார்க்கு."



சாயங்காலம் சண்டை. காரணம் ஒன்றுமில்லை. "நீ பக்கத்துல உக்காந்துக்கினு பெருமூச்சு வுடாத ஆயா" என்றாள். "பெருமூச்சு வுடறதுக்கும் ஒரு டிரைவரு எழுது" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

விடிந்ததும் மே. குளிக்கப் போன நேரம். லேப்டாப் எதிரே உட்கார்ந்து, வலது கண்ணைக் கையால் பொத்தி, மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தேன்.

32.

முன்னது 3. இரண்டு வளைவு தெளிவாக இருக்கிறது.

அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தாள். சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"மேகலா, இன்னிக்கு நம்பரு மாறி கீது. முப்பத்திரெண்டுன்னு வருது."

உடனே செபாஸ்டினுக்குப் போன். 

"ஒரு நாளு ஒண்ணு, ஒரு நாளு ஒண்ணுன்னா அந்தக் குச்சியே சாவப் போவுது மேகலா. தெனம் ஒரே மாதிரி தப்பு பண்ணாதான் அதுக்கு ஒரு வரி எழுதலாம். மாத்தி மாத்திப் பண்ணா ஒண்ணும் செய்ய முடியாது. வுட்டுடு."

மூன்று கடைக் குச்சியும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். வேறு வாங்கிப் பிரயோஜனம் இல்லை. லேப்டாப்பை மூடித் துண்டில் சுற்றினாள்.

"அப்பாக்கு போன் போடு ஆயா. வந்துடறேன்னு சொல்லிடலாம்."

டவர் இல்லை என்றேன். அதுவும் பொய். டவர் முழுசாக இருந்தது.

ஜூன் 14, சனி

மூட்டம். புழுக்கம். தூங்கவில்லை.

காலையில் மே. மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சொத்தையை விரலாலேயே கண்டுபிடித்துத் தனியாகத் தள்ளுகிறாள். நானும் எதிரே உட்கார்ந்து உரித்தேன். நான் உரித்ததில் இருந்தும் இரண்டு சொத்தை எடுத்துப் போட்டாள். 

"மேகலா. அது மாறல."

"எது?"

"நம்பரு. மொதல்லேர்ந்தே முப்பத்திரெண்டுதான். எனக்குத்தான் தெரியல."

கை நின்றது. "எத்தினி நாளா?"

"புதன்கெழமலேர்ந்து."

"நம்பரக் கேக்கல. கண்ணு எத்தினி நாளா?"

"தையிலேர்ந்து."

முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மல்லாட்டை எல்லாம் தரையில்.

"ஊர்ல எல்லார் கிட்டயும் மறைக்கலாம் ஆயா. கண்ணு தெரியாதவ கிட்டயா மறைப்ப?"

 நான் தடவித் தடவிப் பொறுக்கினேன். பத்து மணிக்கு அவளே போனை எடுத்தாள்.

செபாஸ்டின் திட்டுவான் என்று பார்த்தேன். அவனுக்குக் குஷி. "முப்பத்திரெண்டுதான்னா கத வேற! நீ எவ்ளோ வேகத்துல பேசுவன்னு டிரைவரு கேக்குது. குச்சிக்கு அந்தக் கேள்வியே தெரியாது, பதில் சொல்ல மாட்டேன்னு நிக்குது. டிரைவரும் கோச்சிக்கினு வெளிய வந்துடுது. கேள்விய எடுத்துட்டா முடிஞ்சுது. ஆமா, ஆயாவுக்குத் தெரியற மாதிரி எழுத்தப் பெருசு பண்ணியா?"

"பெருசா?"

"பெருசு பண்ணலாமாமே."

"எழுத்துல பெருசு சின்னது இருக்கறது நமக்கு எங்கடா ஞாபகம்!"

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அவளுக்கு இருமலே வந்துவிட்டது. நான் சிரிக்கவில்லை. மூன்று நாள் போயிற்றே.

எதையோ தட்டினாள். எழுத்து பஸ் போர்டு அளவுக்கு வந்தது. லிஸ்டில் போட வேண்டிய குச்சியின் அடையாள எண் எட்டு இலக்கம், நடுவில் இங்கிலீஷ் எழுத்தும் கலந்து. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டாள். நான்கு தடவை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.

ஜூன் 15, ஞாயிறு

கட்டும்போது இரண்டு தடவை கரண்டு போனது. நாளைக்கு டெஸ்ட். கரண்டு ஆபீசுக்கு நேரில் போய்க் கேட்கலாம் என்று கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இருக்க மாட்டார்கள் என்று தெருமுனையில் ஞாபகம் வந்து திரும்பினேன்.

மூன்று மணிக்கு மழை. நாலரைக்குக் குச்சி பேசியது. மே. ஒரே ஒரு எழுத்து தட்டினாள், வந்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நான் மனதுக்குள் இருபது எண்ணினேன். இன்னொன்று தட்டினாள், வந்தது.

ஆனால் புது வம்பு. சத்தத்தைக் குறைத்தால் ஒரேயடியாக இல்லை. கூட்டினால் எதிர்வீட்டுக்குக் கேட்கிறது. நடுவில் ஒன்றுமே கிடையாது. அதற்கு இன்னொரு வரி எழுத வேண்டுமாம், நேரமில்லை. "காதுல பஞ்சு வெச்சிக்கினு மேல ஹெட்போன மாட்டிக்க" என்று செபாஸ்டின் யோசனை. இத்தனை படித்து இதுதான் வைத்தியம். பஞ்சு எடுத்து வைத்தேன். குச்சி, ஹெட்போன், சர்டிபிகேட், தண்ணீர், பிஸ்கட். 

ஜூன் 16, திங்கள்

ஏழு மணி பஸ். விழுப்புரத்தில் மாறித் திண்டிவனம். இறங்கும்போது படி தெரியாமல் தடுமாறினேன். மே.தான் பிடித்தாள். கண்டக்டர், "யாரு யார இட்டுக்கினு போறீங்க?" என்றார். 

ஆபீஸ் மாடியில். ஒன்பதரைக்கு உள்ளே போனாள். எனக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. கதவு சாத்தியிருந்தது. ஹெட்போனையும் மீறி அந்தக் குரல் வெளியே கேட்டது, ஒவ்வொரு எழுத்தாக.  நிற்கும், பிறகு வரும். பதினொன்றுக்கு முழுசாக நின்றுவிட்டது. டெஸ்ட் முடிந்ததா, குச்சி செத்ததா தெரியவில்லை. எழுந்து போய்க் கதவில் காதை வைத்தேன். கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள், முகத்தில் இடிக்கப் பார்த்தது. கையில் காகிதம்.

"பாட்டி, வீட்டுப் பெரியவங்க கையெழுத்து வேணும். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

பொடி எழுத்து. வாங்கி ஒரு நிமிஷம் பார்த்த மாதிரி வைத்திருந்தேன். பிறகு திருப்பிக் கொடுத்தேன்.

"கண்ணுல புரை வுழுந்து கீதும்மா. நீயே படி."

படித்தாள். ஆபீஸ் பேர், விலாசம், மே.வின் பேர், அப்பா பேர். அப்புறம், முதல் ஒரு மாதம் பயிற்சி, காலை ஒன்பதரைக்கு வர வேண்டும்.

"அப்ப எடுத்துட்டீங்களாம்மா?"

"அதத்தான பாட்டி படிச்சிக்கினு இருக்கேன்."

மூன்று இடத்தில் கையெழுத்து. கோடு எங்கே என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் நிற்கத்தான் இடம். தினமும் இந்தக் கூட்டத்தில் எப்படிப் போய் வருவாள் என்றுதான் யோசனை. மகனுக்கு மே.வே போன் போட்டாள். வேலை கிடைத்ததைச் சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், முதல் வார்த்தையே, "அப்பா, ஆயாவுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணணும்." பஸ் முழுக்கக் கேட்கும்படி. கழுதை.