பச்சையாகிப் போன உங்கள் நீலம்

மேடம்,

இன்று காலை கரண்ட் கம்பத்தில் வேலை பார்க்க வந்த லைன்மேன், தன் கையுறைகளைக் கழற்றி எங்கள் வீட்டு கேட்டின் மேல் போட்டுவிட்டுத் தண்ணீர் கேட்டார். முழங்கை வரை வரும் கறுப்பு ரப்பர் கையுறைகள். சொம்பை நீட்டியபோது பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லை. பதினைந்து வருஷமாகக் கறுப்பு ரப்பரைக் கண்டால் எனக்கு இப்படித்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நம் லேபின் மூலையில் உங்கள் கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதன் முகப்பில் இதே மாதிரி இரண்டு கையுறைகளைப் பொருத்தியிருப்பார்கள். பெட்டிக்குள் நாம் மூச்சு விடும் காற்று கிடையாது, நைட்ரஜன் மட்டும்தான். வெளியில் நின்று கையுறைக்குள் கையை விட்டுத்தான் உள்ளே வேலை செய்ய வேண்டும். நான் பாட்டில் கழுவ வந்தவள், ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெட்டிக்குள் துடைத்து வைக்கும் வேலையையும் எனக்கே கொடுத்தீர்கள். முதல் நாள், "மேடம், உள்ள கீறது என்னை இழுத்துக்காதே?" என்று கேட்டேன். சிரித்தீர்கள். "உங்களை இழுக்காது மல்லிகாக்கா. வெளிக்காத்து உள்ள போனாத்தான் என் பிழைப்பு போயிடும்" என்றீர்கள்.

அந்த வார்த்தையை நான் அன்றே புரிந்துகொண்டேன். புரியவில்லை என்று இன்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கரண்ட் விட்டால் வெளிச்சம் தரும் பிளாஸ்டிக்கை நீங்கள் செய்துகொண்டிருந்தீர்கள். சிவப்பு எளிது, பச்சை எளிது, நீலம்தான் நிற்க மாட்டேன் என்கிறது என்பீர்கள். ஒரு நாள் டீ குடிக்கும்போது காகிதத்தில் வரைந்து காட்டினீர்கள். "மணி கோக்கற மாதிரிதான் அக்கா. ஒவ்வொரு மணிக்கும் ரெண்டு வால் வைக்கிறேன். வால் இல்லன்னா ஒரு சரம் இன்னொரு சரத்தோட ஒட்டிக்கும். ஒட்டினா நிறம் கெட்டுடும்." எந்த வாலை எவ்வளவு நீளம் வைப்பது என்பதிலேயே இரண்டு வருஷம் போனது. முதல் கண்ணாடித் துண்டு எரிந்த அன்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினீர்கள். தபால்தலை அளவுதான் இருக்கும். கேஸ் அடுப்பின் நீலம்.

அதற்கு அடுத்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டாபிராமில் என் மகளுக்கு வளைகாப்பு. அதற்கு முன்னால் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது உங்களுக்குத் தெரியும். அன்று எனக்கும் கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது என்பது மகளுக்குத்தான், எனக்கில்லை. ஆனாலும் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. கையில் எதுவும் இல்லாமல்தான் பெட்டிக்குள் கை விட வேண்டும் என்பது உங்கள் கண்டிப்பு. திங்கட்கிழமை காலை, நீங்கள் வருவதற்கு முன், வளையலோடு கையை விட்டேன். மணிக்கட்டு மடிப்பில் ஒரு வளையல் உடைந்தது. ரப்பரில் அரிசி அளவுக்கு ஒரு கீறல்.

எனக்கு முதலில் வந்தது பெட்டியைப் பற்றிய பயம் இல்லை. வளையல் உடைந்துவிட்டதே, பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்றுதான் பயந்தேன். அதற்குப் பிறகுதான் வேலை போய்விடும் என்ற பயம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டேஷன் பக்கம் சைக்கிள் கடைக்கு ஓடி, பஞ்சர் ஒட்டும் துண்டும் சொலூஷனும் வாங்கி வந்து, கை நுழையும் பக்கமாக ஒட்டினேன். கறுப்பில் கறுப்பு, கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே காற்று புகுந்தால் காட்டும் மீட்டர் அப்போது ரிப்பேருக்குப் போயிருந்தது; கடைசிவரை திரும்பி வரவே இல்லை.

அந்த வாரம் செய்த கண்ணாடிகள் எல்லாம் நான்காம் நாளில் பச்சையாகிவிட்டன. நீங்கள் சாப்பிடவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டீர்கள். வெள்ளிக்கிழமை, ஊதா விளக்கைத் தூக்கிக்கொண்டு பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து என் கையில் காட்டினீர்கள். காலையில் மஞ்சள் பூசிக் குளித்த கை பளீரென்று மஞ்சளும் பச்சையுமாக ஒளிர்ந்தது. ஸ்டோர்காரன், "இன்னாக்கா, நீயே ட்யூப்லைட்டாட்டம் எரியுற!" என்றான். நான்கு பேர் சிரித்தார்கள். "உங்க மஞ்சக்கைதான் என் நீலத்தைக் கெடுத்துச்சு. இனிமே பெருக்கற வேலை மட்டும் பாருங்க" என்றீர்கள்.

அந்த நிமிஷம் வரை கையுறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வைத்திருந்தேன். சிரிப்பைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஸ்டோர்காரனோடு அதன் பிறகு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் தொடாத பாட்டில்களிலும் பச்சை வந்தது. நான்கு மாதத்தில் முதலாளி அந்த நீலத்தின் வேலையையே நிறுத்தினார். கடைசி நாள், அம்பத்தூர் ஸ்டேஷனில் என்னைத் தேடி வந்து நின்றீர்கள். "மஞ்சள் இல்ல அக்கா. நான் வச்ச வால்தான் தப்பு. மன்னிச்சிடுங்க." ரயில் வந்தது. நான் ஏறிவிட்டேன். என் பேரன் அப்போது பிறந்து நல்லபடியாக இருந்தான். பயப்படக் காரணம்கூட மிச்சம் இல்லை. அப்படியும் சொல்லவில்லை.

போன வருஷம் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். ஸ்கூல் விட்டதும் லேபுக்கு வந்து என்னிடம் சடை பின்னிக்கொள்ளும் உங்கள் மகள் கவிதா, இப்போது நீங்கள் படித்த படிப்பிலேயே ஆராய்ச்சி செய்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் நோட்டுகளோடு வீட்டுக்கு வந்தாள். "ஆன்ட்டி, அம்மாவோட நீலத்தை எங்க சார் விட்டுடச் சொல்றாரு. அவங்களே தப்புன்னு எழுதியிருக்காங்களாம். நீங்க கூட இருந்தீங்க. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

எனக்கு எது மறந்திருக்கிறது? சொன்னேன். வளையல், கீறல், பஞ்சர் துண்டு, எல்லாம்.

அவள் நோட்டைப் புரட்டினாள். "வளைகாப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை செஞ்ச மூணு கண்ணாடி?"

"அது டிராயர்ல இருந்துச்சும்மா. நீலமாவேதான் இருந்துச்சு."

"ஆமா. அம்மா அதைத் தற்செயல்னு எழுதி அடிச்சிட்டாங்க." நோட்டை மூடி வைத்தாள். பிறகு, "கடைசி வரைக்கும் தன்னோட தப்புன்னே நெனச்சிருந்தாங்க ஆன்ட்டி" என்றாள். போட்ட காபியைக் குடிக்காமல் எழுந்து போனாள்.

மூன்று வாரம் கழித்து போன் செய்தாள். உங்கள் கணக்குப்படியே வால் வைத்து, பழுதில்லாத பெட்டியில் புதிதாகச் செய்து எரிய விட்டிருக்கிறாளாம். தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். "நீலம்தான் ஆன்ட்டி" என்கிறாள். அவ்வளவுதான் பேச்சு, வைத்துவிடுகிறாள். இன்று மூன்றாம் நாள்.

நாளை நான்காம் நாள். பச்சை ஏறினால் தப்பு உங்களுடையது. பதினைந்து வருஷமாக என் நெஞ்சை அழுத்துவது இறங்கிவிடும். நீலமாகவே நின்றால், உங்கள் உழைப்பைக் கொன்றது நான்தான், வேறு யாரும் இல்லை. மஞ்சக்கை என்று நான்கு பேர் முன்னால் நீங்கள் சொன்னதை நான் மன்னிக்கவில்லை மேடம். அதையும் சொல்லிவிடுகிறேன், பொய் எதற்கு?

சாமிக்கு விளக்கேற்றிவிட்டு எதைக் கேட்பது என்று தெரியாமல் வெகுநேரம் நின்றேன். நீலமாகவே நிற்கட்டும் என்றுதான் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் இதை எழுதத் தரையில் உட்கார்ந்தேன்.