மாப்பிள்ளை சொன்ன முதன்மை எண்

மார்ச் 9, ஞாயிறு.

தெஹியோவிட்டவிலிருந்து மகளைப் பெண் பார்க்க வந்த கணக்கு மாஸ்டர் மேல் எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். கணக்குப் படித்தவன் இவ்வளவு சிரிக்கமாட்டான்.

"பெரிய முதன்மை எண் ஒண்ணு சொல்லுங்க தம்பி" என்று மடக்கினேன்.

"9973ங்க மாமா. நாலு இலக்கத்துல அதுதான் பெரிசு. ஒன்றையும் அதையும் விட்டா வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க ஏலாது. நூறுக்குள்ள இருக்கிற முதன்மை எண்களால வகுத்துப் பார்த்தா போதுங்க."

மகள் அவனை இன்றுதான் பார்ப்பவள் போலத் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றாள்.

அவர்கள் போனதும் பொய்யைப் பிடிக்கப் போன் கல்குலேட்டரோடு உட்கார்ந்தேன். ஏழு, பதினொன்று, பதின்மூன்று; எதால் வகுத்தாலும் புள்ளிக்குப் பின்னால் ஒரு வால் நீண்டது. பதினேழுக்குப் போவதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்தது. மகளின் போனை எடுத்து, "லொக் நம்பர் என்னம்மா?" என்றேன்.

அவள் போனைத் திருப்பி வாங்கக் கை நீட்டினாள். மனைவிதான் குசினியிலிருந்து சொன்னாள்: "9973. போன வருஷத்துல இருந்து அதுதானேங்க."

இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த தரகருக்கு நான் கோழி அடித்துச் சோறு போட்டிருக்கிறேன். மாஸ்டர் மேல் இப்போது சந்தேகமில்லை. மனைவிக்கு எல்லாம் எப்போதிருந்து தெரியும்? பக்கத்தில் குறட்டை விடுகிறாள். அது நிஜக் குறட்டைதானா என்று இனித்தான் சோதிக்க வேண்டும்.