புரியுதுன்னு தலையாட்டின படம்

பாவா,

இன்னைக்குக் காலையில் வண்டியைக் கழுவும்போது பின் சீட்டுக்கு அடியில் பேனா மாதிரி ஏதோ கையில் தட்டுப்பட்டது. அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழுமே, வகுப்பில் திரையைக் காட்ட நீ வைத்திருந்த லைட்டு. பேட்டரி போய்விட்டது. துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மலை அடிவாரத்தில் கார் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து ஹெட்மாஸ்டரே மிரண்டு போனார். ஒரே பெஞ்சில் இருந்தவன் நீ, உனக்குத் தெரியாததா.

நீ அத்தை மகன், அப்புறம் என் தங்கச்சி புருஷன். புது சாஃப்ட்வேர் தெரியாத ஆள் வேண்டாமென்று ஆபீசில் உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாசம் உட்கார்ந்து அதே சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டு, கம்பெனிக் கணக்கைப் படமாகப் போட்டு ரிப்போர்ட் கொடுப்பது எப்படி என்று நிதி அதிகாரிகளுக்கே பாடம் எடுக்கக் கிளம்பினாய். வண்டி ஓட்ட நான்.

வழியில் டீக்கு நிறுத்தும்போது லாப்டாப்பை என் பக்கம் திருப்புவாய். "மச்சான், வண்டில முள்ளப் பாத்தா டீசல் இருக்கா இல்லியான்னு உடனே தெரியுதில்ல. இதுவும் அப்படித் தெரியணும். தெரியுதா?" ஒருமுறை செலவு ஏறினதற்குப் பச்சை அம்புக்குறி போட்டிருந்தாய். "செலவு ஏறுனா சந்தோஷமா பாவா? செவப்புல போடு" என்றேன். மாற்றினாய். அன்றிலிருந்து தமிழ்நாட்டுக் கம்பெனிகளுக்கெல்லாம் ரிப்போர்ட் போட நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கொஞ்ச நாளில் ஆந்திராவையும் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம் வந்தது அந்தப் பெரிய கம்பெனி. இருநூறு அதிகாரிகள். சரி, உன்னிடம் எதற்கு அளக்க வேண்டும், இருபத்திரண்டு பேர்தான். நன்றாக நடந்தால் எல்லாக் கிளைக்கும் நீதான் என்று சொல்லியிருந்தார்கள். கனகம்மாசத்திரத்தில் டீக்கு நிறுத்தி லாப்டாப்பைத் திறந்தாய். வட்டத்துக்குள் வட்டம், பதினாலு கலர். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் ஆர்.கே.பேட்டைக்காரர்கள் மூணு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் ஆள் என்று அவர்களிடம் அப்போதுதான் அளந்து முடித்திருந்தேன்.

"எந்தக் கிளை கீழ போகுதுன்னு தெரியுதா மச்சான்?"

"ஆங், பளிச்சுனு தெரியுது. அப்படியே போடு பாவா."

வகுப்பில் நான் கடைசி வரிசை. அந்தப் படம் திரையில் வந்ததும் நிதிப் பிரிவுக்கே தலைவியான ஒரு அம்மா எழுந்தார்கள். "சார், எந்தக் கிளை கீழ போகுதுன்னு இதுல எங்க இருக்கு?" நீ லைட்டை வைத்துத் தேடினாய். சிவப்புப் புள்ளி அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. படம் போட்ட உனக்கே அகப்படவில்லை. அப்புறம் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

திருவள்ளூர் தாண்டித்தான் வாயைத் திறந்தாய். "எனக்கும் தெளிவா இருந்துது, உனக்கும் புரிஞ்சுது. அங்க யாருக்கும் புரியல. எது தெளிவுன்னே எனக்குத் தெரியல மச்சான். மூளை மழுங்கிப்போச்சு. இத்தோட விட்டுடறேன்."

நான் ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாலாம் நாள் தங்கச்சி போன் செய்தாள். "அண்ணா, லாப்டாப்ப யாருக்காவது குடுத்துடச் சொல்றாரு. சரியா சாப்புடறதுகூட இல்ல." அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வந்து உன் எதிரில் நின்றேன்.

"பாவா, அன்னிக்கு எனக்கு ஒண்ணும் புரியல. ஆளுங்க பாத்துகினு இருந்தாங்க, அதான் தலையாட்டிட்டேன்."

"ஒண்ணுமேவா?"

"ஒரு கலர்கூட."

சிரித்தாய் பாரு, என்னமோ ஏதோவென்று தங்கச்சி கரண்டியோடு ஓடி வந்தாள். "அப்போ எனக்கு மூளை நல்லாத்தான் இருக்குது. உனக்குத்தான் வாய் ஜாஸ்தி" என்றாய். அன்று மூணு தோசை சாப்பிட்டாய்.

அந்த அம்மாவுக்கு நீயே போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னாய். திரும்பக் கூப்பிட்டார்கள். இந்த முறை என்னை முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தாய். "ரிப்போர்ட் அனுப்பறதுக்கு முன்ன, கணக்கு படிக்காத ஒருத்தர்கிட்ட காட்டுங்க. அவர் புரியலன்னா கோவப்படாதீங்க, நன்றி சொல்லுங்க" என்றாய். ஒவ்வொருவராக லாப்டாப்போடு வந்தார்கள். பத்தொன்பது பேரிடம் புரியவில்லை என்றேன். அந்த அம்மாவிடம் மட்டும் ரெண்டு தடவை.

போன வருஷம் நீ போனபோது நானும் எல்லாரையும்போல அழுதேன். ஆனால் உள்ளே பெரிய நிம்மதி, பாவா. நாலாம் நாள் நான் வராமல் இருந்திருந்தால், மூளை மழுங்கியவன் என்று உன்னை நீயே நினைத்துக்கொண்டு போயிருப்பாய். அப்படிப் போகவில்லை. கடைசி மாசம்வரை வகுப்பு எடுத்துவிட்டுத்தான் போனாய்.

போன வாரம் தங்கச்சியை அரக்கோணத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். சர்க்கரை ஏறுவது இறங்குவது என்று கோடு கோடாகக் காட்டி, மாத்திரையை மாற்ற வேண்டும் என்று கடகடவென்று சொல்லி முடித்தார். தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். கதவு திறந்திருந்தது, வெளியே பத்துப் பேர் வரிசையில்.

"எனக்குப் புரியலீங்க டாக்டர். மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன்.

சொன்னார், பொறுமையாக. அரக்கோணத்தில் இதுவரை யாரும் புரியவில்லை என்று அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை பாவா, சத்தியமாக.