இடித்துவிட்டேனா என்று கேட்ட எட்டு மாதம்

வேங்கிக்கால்,
ஞாயிறு காலை

அன்பு மகள் வினோதினிக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவுக்கு முட்டிவலி கம்மி, எனக்குச் சர்க்கரை ஏறாமல் நிற்கிறது, அதே மாதிரி கனடாவில் நீங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். நேற்று நல்ல மழை, மாடியில் காயப்போட்ட மிளகாய் பாதி நனைந்துவிட்டது, அம்மா இன்னும் என்னைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை முருகவேல் போன் செய்தார். நான்கு நாளாக சிநேகிதர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். நீ ஒரு நாளைக்கு முப்பது தடவை "என் மேல கோபமா"ன்னு கேட்கிறாயாம், ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாலும் விடுவதில்லையாம். "இல்ல இல்லன்னு சொல்லி ஓஞ்சு போயிட்டேன் மாமா"ன்னு சொன்னார். அவர் உன்னைக் குறை சொல்லவில்லை. போனில் பேசினால் நீ என்னையும் அதையே கேட்பாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

நீ கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்த கடைசி வருஷம், ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலம், அடி அண்ணாமலையில் அத்தையைப் பார்த்துவிட்டு நானும் அம்மாவும் ஸ்கூட்டரில் திரும்பினோம். ரோட்டில் கிரிவலம் நடக்கிறவர்கள் கூட்டம். ஒரு இடத்தில் வண்டி தடக்கென்று ஏறி இறங்கியது. யாரையோ இடித்துவிட்டேன் என்று மனசில் விழுந்துவிட்டது. அம்மா, "வேகத்தடைங்க அது, நானும்தானே பின்னாடி உக்காந்திருக்கேன்"னு சொன்னாள். கேட்காமல் மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன். மறுநாள் பேப்பரில் தேடினேன், பெரியாஸ்பத்திரிக்குப் போய் அடிபட்டு யாராவது வந்தார்களா என்று விசாரித்தேன். அதோடு நிற்கவில்லை. பிறகு எந்த ரோட்டில் எந்தக் குழியில் வண்டி இறங்கினாலும் அதே பயம்தான். அம்மாவிடம் இடித்தேனா, இடித்தேனா என்று எட்டு மாதம் கேட்டேன். சாப்பிடும்போது கேட்டேன், அவள் குளிக்கும்போது கதவைத் தட்டிக் கேட்டேன். ஒருநாள் அவள், "இதுக்கு மேல என்னால ஆகாதுங்க"ன்னு சொல்லிவிட்டு போளூரில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். உன்னிடம் மாமாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னோமே, அது பொய்.

ஆபீசில் என் பக்கத்து சீட் ராமகிருஷ்ணன்தான் என்னை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். இப்போது உனக்கு இருக்கும் வயசுதான் இருக்கும் அந்தப் பெண் டாக்டருக்கு. "சார், நீங்க இடிக்கலன்னு வீட்ல சொன்னா அஞ்சு நிமிஷம் நிம்மதி. அந்த நிம்மதிதான் உங்கள மறுபடி கேக்க வைக்குது"ன்னு சொன்னார். மாத்திரை கொடுத்தார், போளூரிலிருந்து அம்மாவையும் வரச்சொல்லி விளக்கினார். அதே ரோட்டில், அதே வேகத்தடையில் ஓட்ட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது, நான் கேட்டால் அம்மா பதில் சொல்லக் கூடாது. முதல் நாள் வேகத்தடையைத் தாண்டியதும் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அம்மா என் தோளில் கையை வைத்து, "அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேங்க. கத்திரிக்கா வாங்கணும், மார்க்கெட் பக்கம் விடுங்க"ன்னு சொன்னாள். அந்த நிமிஷம் அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லாமலே பயம் மெல்ல இறங்கியது. அப்படி அது இறங்கும் என்றே எனக்குத் தெரியாதும்மா. முழுசாகச் சரியாக ஒரு வருஷம் ஆனது. இப்போதும் எப்போதாவது வரும், போன வாரம்கூட செங்கம் ரோட்டில் வந்தது. வண்டியை நிறுத்தவில்லை.

இது உன் குணக்கேடு இல்லை, மாப்பிள்ளைக்குப் பாசம் போய்விட்டது என்பதும் இல்லை. "அவ எனக்கு வேணும் மாமா"ன்னுதான் போனை வைத்தார். அங்கே ஒரு டாக்டரைப் பார், மாப்பிள்ளையையும் கூட்டிப்போ, வருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்த வாரமே நேரம் வாங்கிவிடு, தள்ளிப்போடாதே. வேளைக்குச் சாப்பிடு.

இதைப் படித்ததும் எங்களுக்கு உன் மேல் கோபமா என்று கேட்கத் தோன்றும். போன் செய், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, அழு. அந்த ஒன்றுக்கு மட்டும் நானும் அம்மாவும் பதில் சொல்ல மாட்டோம். போனையும் வைக்க மாட்டோம்.

இரண்டு பேரும் ஒரே வீட்டில் சேர்ந்து நன்றாக இருக்க அண்ணாமலையார் அருளட்டும்.

உன் அப்பா,
ராஜேந்திரன்