நேலிக்குத் தோண்டிய குழி

ஊஸ்தனாலி ஆற்றங்கரை,
1838, மே மாதம் பதினெட்டு.

அன்பு மகள் ஐல்சிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், மேற்கே அந்தப் புது மண்ணில் நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. பட்டாளம் வந்து இழுப்பதற்குள் நீங்களாகவே கிளம்பி வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய், அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், "நான் போட்ட சோளத்த நாந்தான் ஒடிப்பேன்னு அவளுக்கு எழுது" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நம் செரோக்கி ஜனங்கள் ஆயிரமாயிரம் பேர் பெயர் எழுதிய மனு தலைநகருக்குப் போயிருக்கிறது, பதில் வரும் என்கிறார். நாங்கள் ஊரைக் காலி செய்ய அரசாங்கம் வைத்த கெடு முடிய இன்னும் ஐந்து நாள்தான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் சிப்பாய்கள் மரம் வெட்டி, இரண்டு ஆள் உயரத்துக்கு வேலி அடித்துவிட்டார்கள். உள்ளே கூரை கிடையாது. மாட்டுக்குத்தான் என்று முதலில் நினைத்தோம். பிறகு வீடு வீடாக வந்து துப்பாக்கிகளை வாங்கிப் போனார்கள். சீட்டுக் குலுக்கலில் நம் நிலம் தனக்கு விழுந்ததென்று ஒரு வெள்ளைக்காரனும் பெண்டாட்டியோடு வந்தான், நான் அவரைக்கொட்டை போட்டுச் சோள ரொட்டி செய்துகொண்டிருக்கும்போதே அவள் உள்ளே வந்து திரை போட ஜன்னலை அளந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். கெட்டவளாகத் தெரியவில்லை.

இனி சொல்வது உன்னோடும் மாப்பிள்ளையோடும் இருக்கட்டும். உன் தங்கை நேலிக்கு இது எட்டாம் மாதம். நீ படகில் போனபோது உன் பிள்ளையை எந்தக் கரையில் புதைத்தாய் என்றுகூடச் சொல்லத் தெரியாமல் எழுதினாயே, அது என் மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால் ஒன்பது நாளைக்கு முன் அவளையும் அவள் புருஷனையும் கிழக்கே மலைக்கு அனுப்பிவிட்டேன். "நீயும் வாம்மா, எனக்கு யாரு பிரசவம் பாப்பா?" என்று கையை விடாமல் அழுதாள். வீடு காலியாகக் கிடந்தால் எல்லாரையும் தேடி மலையேறுவார்கள். "உங்கப்பன் கிளம்ப மாட்டாரு, நீ போடி" என்று திட்டித்தான் அனுப்பினேன்.

அடுத்த நாளே அப்பா பீச் மரத்தடியில் ஒரு குழி வெட்டி, வெறுமனே மூடி மேடு கட்டினார். வீட்டில் எத்தனை பேர் என்று பெயர்ப் பட்டியலோடு சரிபார்க்க ஒரு சிப்பாய் வந்தான், மொழிபெயர்க்க நம் ஆள் ஒருவன் கூட வந்தான். சின்ன மகள் பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள், அந்தத் துக்கத்தில் அவள் புருஷனும் எங்கோ போய்விட்டான் என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. நம் ஆள் மேட்டைச் சுற்றி வந்து, நம் பேச்சில் மெதுவாக, "ஏம்மா, மேடு குட்டையா இருக்கே, பெரிய பொம்பளைக்குப் பத்தாதே" என்றான். "இன்னும் ரெண்டு முழம் நீட்டி மேல கல்லு அடுக்குங்க, நாளைக்கு வேற ஆளு வருவான்" என்று சொல்லிவிட்டு, சிப்பாயிடம் அவன் பாஷையில் என்னவோ சொன்னான். சிப்பாய் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பட்டியலில் இரண்டு பெயரைக் கோடு போட்டு அடித்தான். அன்றைக்கே அப்பாவும் நானும் கல் சுமந்தோம்.

நேலி போய்ச் சேர்ந்தால் மலையிலிருந்து ஆள் சொல்லி அனுப்புவதாகப் பேச்சு. நான்கு நாளில் வந்திருக்க வேண்டும். இன்றுவரை யாரும் வரவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் வாழ வேண்டும், படைத்தவர் உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. எங்களை அங்கே இழுத்து வரும்போது, கூட வருகிற கூட்டத்தில் யாராவது நேலி செத்துப்போனாள் என்று உன்னிடம் சொல்வார்கள், அப்போது எல்லார் முன்னும் வாய்விட்டு அழு. தனியாக இருக்கும்போது என்னிடம் வந்து உண்மையா என்று மட்டும் கேட்காதே. அவள் இருக்கிறாளா இல்லையா என்று அதற்குள் எனக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

உன் அம்மா,
ஐனி