குணமாகிவரும் காயம்

தெரணியகலை,
ஜூன் 9.

என் மகள் ஷாமிளாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றால் முழுவதையும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு. நாற்பது நாளாக நான் கோல் எடுத்தால் நீ கட் பண்ணுகிறாய். அப்பாவின் போனிலிருந்து எடுத்தாலும் என் குரல் கேட்டவுடன் வைத்துவிடுகிறாய். அதனால் டவுனுக்குப் போய் உன் சிநேகிதி பஸ்லியாவிடம் போர்டிங் முகவரியைக் கேட்டேன். அவள் லேசில் தரவில்லை, யாருக்கும் கொடுக்காதே என்று நீ சொல்லியிருந்தாயாம். அவர்கள் கடை வாசலில் நான் குடையோடு நிற்பதைப் பார்த்து அவளுடைய உம்மாதான் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவளைத் திட்டாதே.

இது போனில் சொல்கிற விஷயமும் இல்லை. லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் எட்டாவது வீட்டுக்குக் கேட்கும், உனக்குத் தெரியாததா?

முதலில் வீட்டுச் செய்தி. மழை விட்டபாடில்லை. மேல் மலையில் மண் சரிந்து, இரண்டு நாள் எல்லோரையும் ஸ்கூல் மண்டபத்தில் வைத்திருந்தார்கள். நம் லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, குசினிக் கூரைதான் பழையபடி ஒழுகுகிறது. மழையில் றப்பர் பால் வெட்ட முடியாமல் அப்பா பாதி நாள் வீட்டில் இருக்கிறார். அக்கா சசிக்கு இது ஐந்தாம் மாதம். பலாங்கொடையில் மாமியார் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாராம். எனக்கு முழங்கால் வலி. தேயிலைக் கொழுந்துக்குக் கிலோ கூட்டிக் கேட்கிறார்கள், குறைந்தால் அரைநாள் பேர் போட்டுப் பாதிச் சம்பளம்தான் தருகிறார்கள். களைத்துப்போய்விட்டேன் ஷாமிளா. உடம்புக் களைப்பு படுத்தால் போய்விடும், மற்றது போகவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அன்றைக்குக் கொழும்பு மைதானத்தில் நடந்ததை நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். மாற்றுத்திறனாளிகள் போட்டியில் இரும்புக் குண்டு போட உன்னைக் கூப்பிட்டார்கள். படுக்கவைத்துக் காலை அளந்தார்கள். இடது கால் கிட்டத்தட்ட மூன்று அங்குலம் குட்டை என்று அவர்களே சொன்னார்கள். பிறகு ஆஸ்பத்திரி கொடுத்த கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பேப்பர் சரியில்லை, இந்தப் பிள்ளையைச் சேர்க்க முடியாது என்றார்கள். ஏன் என்று நீ கேட்டாய். ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, பேப்பர் வேலையெல்லாம் பார்த்தது விளையாட்டு அதிகாரி நிலூகா மிஸ். அவருடைய ஊர்ப் பிள்ளை ஒருத்தியும் அதே போட்டியில் இருந்தாள். அவ்வளவுதான், நீ முடிவு கட்டிவிட்டாய். அத்தனை பேர் முன்னால் சிங்களத்தில் மிஸ்ஸைக் கேட்டாய், நான் வத்தே லமயா என்பதால்தானே, உங்க ஊர்ப் பிள்ளை என்றால் பேப்பர் சரியாக இருந்திருக்கும்தானே என்று.

நீ அப்படி நினைத்ததில் பிழை சொல்லமாட்டேன். தோட்டத்துப் பிள்ளை என்று சிங்களத்தில் எத்தனை இடத்தில் எத்தனை மாதிரிச் சொல்லிக் கேட்டவள் நீ. போன வருடம் மாகாணப் போட்டியில் சாப்பாட்டுச் சீட்டு நம் பிள்ளைகளுக்கு வந்து சேரும்போது பணிஸ் மட்டும்தான் மிச்சம் இருந்தது. மற்றப் பிள்ளைகள் வேனில் வந்து இறங்கினார்கள், நீ மூன்று பஸ் மாறி, வாந்தி எடுத்த வாயைக் கழுவிக்கொண்டு போய் நின்றாய். காற்சட்டை போட்டுக்கொண்டு எறிந்தாய் என்று லயத்தில் ஒரு மாதம் பேசினார்கள். அதில் நானும் ஒருத்தி. இத்தனையும் பட்ட பிள்ளை இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கும். ஆனால் இது அது இல்லை மகள். இதைச் செய்தது மிஸ் இல்லை. நான்தான்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் உன்னை உயரமும் நிறையும் பார்க்க அடுத்த அறைக்கு அனுப்பினார், ஞாபகம் இருக்கிறதா? அப்போது என்னிடம் கேட்டார், உபதிம்மத என்று. பிறந்ததிலிருந்தேவா என்று. கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் நம் தோட்டத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். இல்லை டொக்டர், விழுந்தது, இப்போது வரவரச் சரியாகி வருகிறது என்று சொன்னேன். யோசிக்கவே இல்லை. வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பேச்சு. டொக்டர் அதை இங்கிலீசில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கவரில் ஒட்டிக் கொடுத்தார். விழுந்து பட்ட காயம், குணமாகி வருகிறது. குணமாகிற காயத்துக்கு அந்தப் போட்டியில் இடம் இல்லையாம். எனக்கு அது தெரியாது. குறையைச் சின்னதாகச் சொன்னால்தான் உனக்கு நல்லது என்று நினைத்தே உன்னை வளர்த்தவள் நான். குறையை உள்ளபடி சொன்னால் இடம் கொடுக்கிற ஓர் இடமும் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மிஸ்ஸும் அந்தப் பேப்பரை முதன்முதலாக மைதானத்தில்தான் வாசித்தார். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. நீ அப்படிக் கத்தியபோது ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருக்கலாம். சொல்லவில்லை. பெற்றவளை மகளுக்கு முன்னால் காட்டிக் கொடுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் அவிசாவளை வரைக்கும் நீ அழுதாய், அதற்குப் பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். இப்போது சொல்லலாம், அடுத்த ஹோல்ட்டில் சொல்லலாம் என்று நானும் கூடவே வந்தேன். நாலாம் நாள் நீ பையைக் கட்டிக்கொண்டு கார்மென்ட் வேலைக்குப் போய்விட்டாய்.

ஏன் அப்படிச் சொல்லிப் பழகினேன் என்று கேட்பாய். பிறவிக் குறை என்றால் பெண் பார்க்க வருகிறவர்கள் அக்காவையும் வேண்டாம் என்பார்கள். விழுந்தது என்றால் பாவம் என்று விட்டுவிடுவார்கள். அதனால் நீ நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து நீ விழுந்த பிள்ளை. சசியைப் பார்க்கப் பலாங்கொடையிலிருந்து அவர்கள் வந்த அன்று உன்னைக் கைக்குழந்தைகளை விடுகிற பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பினேனே, ஆயம்மாவுக்கு உதவிக்கு ஆள் இல்லை என்று சொல்லி. ஆயம்மா உன்னைக் கூப்பிடவே இல்லை. லீவு நாளில் என்னோடு மலைக்குக் கொழுந்து பறிக்க வரும்போது குட்டைக் கால் மேட்டுப் பக்கம் இருக்கிற மாதிரி நிரையைப் பார்த்து உனக்குக் கொடுத்தேன். சரிவில் அப்படி நின்றால் உன் கால் யாருக்கும் தெரியாது. நீயும் நன்றாகப் பறித்தாய், நானும் இதையே வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். சமதரையில் உன்னை நிற்கவைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

நிலூகா மிஸ் உன்னைச் சமதரையில்தான் முதலில் பார்த்தார். ஸ்கூல் போட்டியில் நீ குண்டு போட்டு நாலாவதாக வந்தாய், எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர் மட்டும் உன் சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துச் செருப்புத் தைக்கிறவரிடம் தானே கூட்டிக்கொண்டு போய், பழைய றப்பர் செருப்பை வெட்டி அடுக்கி அடுக்கி ஒட்டி உன் இடது சப்பாத்தை உயர்த்திக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு நீ நேராக நின்றதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை ஷாமிளா. எரிச்சல் வந்தது. பெற்ற நான் செய்யாததை யாரோ ஒருத்தி செய்கிறாளே என்று. ஆற்றிலிருந்து நீ எடுத்து வந்த கல்லைக் கொழுந்து மடுவத்துத் தராசில் கணக்கப்பிள்ளை நிறுத்துப் பார்த்து, நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூட என்று சிரித்தாரே, அந்தக் கல்லை நீ லயத்துப் பின்னால் எறியும்போதெல்லாம் குசினியிலிருந்து சத்தம் கேட்டுக்கொண்டிருப்பேன். வெளியே வந்து பார்த்ததில்லை.

இனி எழுதப்போவதைப் போன கிழமை வரைக்கும் ஒருவருக்கும் சொன்னதில்லை. அப்பாவுக்கும் அப்போதுதான் சொன்னேன்.

நீ பிறந்து இரண்டாம் மாதம், கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸி உன் காலை மடக்கிப் பார்த்தார். இடுப்பு எலும்பு சரியாகப் பொருந்தவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க, ஆறு மாதத்துக்குள் போனால் பட்டி கட்டிச் சரியாக்கிவிடுவார்கள் என்று சொல்லி உன் கிளினிக் கார்டில் எழுதியும் கொடுத்தார். நான் போகவில்லை. கொழுந்து கூடிய மாதம். லீவு தரமாட்டார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். கேட்டுப் பார்க்கவே இல்லை. அப்போது எனக்குச் சிங்களம் இப்போது மாதிரி வராது. பெரிய ஆஸ்பத்திரியில் ஏதாவது கேட்பார்கள், பதில் தெரியாமல் நின்றால் எல்லோர் முன்னாலும் ஏசுவார்கள் என்று பயம். அடுத்த மாதம் போவோம், அடுத்த மாதம் போவோம் என்று இருந்தேன். ஆறு மாதம் போனது. ஒரு வருடம் போனது. எண்ணெய் போட்டுக் காலை உருவிவிட்டேன். நீ எழுந்து நடந்தபோது சாய்ந்துகொண்டுதான் நடந்தாய். அந்தக் கார்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

பிறந்ததிலிருந்தே என்று சொன்னால் அடுத்த கேள்வி, ஏன் காட்டவில்லை என்பதுதானே. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நீ விழுந்தாய், விழுந்தாய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவின் கல்யாணம் ஒரு சாக்கு. சாக்கு என்று எனக்கே தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகாமல் கார்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதே டொக்டர்தான். முன்பு சொன்னது பொய் என்றேன். சத்தமாகச் சொல்லுங்க, மழையில் கேட்கவில்லை என்றார். சத்தமாகச் சொன்னேன். கதவுக்கு வெளியே நம் லயத்துக் கருப்பாயி மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருந்தாள். இந்நேரம் தோட்டம் முழுக்கத் தெரிந்திருக்கும், பலாங்கொடைக்கும் போயிருக்கும். சசி போன் எடுத்து, பரவாயில்லம்மா, தங்கச்சி போட்டிக்குப் போகட்டும் என்று மட்டும் சொன்னாள். டொக்டர் கார்டை இரண்டு தரம் வாசித்தார். ஏசுவார் என்று பார்த்தேன், ஏசவில்லை. புதுப் படிவம் எழுதிக் கொடுத்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அங்கிருந்து நேரே மிஸ்ஸின் கந்தோருக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, தெரியும் அம்மா, உட்காருங்க என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். மேலே பேசி உனக்கு இன்னொரு நாள் வாங்கி வைத்திருக்கிறார். இந்த மாதம் இருபத்திரண்டாம் திகதி, காலை எட்டரை மணி, அதே கொழும்பு மைதானம். இருபது வயதுக்குக் கீழே என்ற பிரிவில் உனக்கு இதுதான் கடைசி வருடம். அன்று அளக்காவிட்டால் பட்டியல் மூடிவிடுமாம், பிறகு அவராலும் ஒன்றும் செய்ய முடியாதாம். உன் மேல் கோபமா என்று கேட்டேன். பிள்ளை நன்றாகத்தான் கேட்டாள், கேட்க வேண்டிய ஆட்கள் வேறு என்றார். அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடு. அவர் எதிர்பார்க்கவில்லை, நான் சொல்கிறேன்.

நான் சொன்னதையெல்லாம் அப்பா கேட்டார். எழுந்து போய் உன் சப்பாத்தை எடுத்துத் துடைத்தார். அன்றிலிருந்து தினமும் துடைக்கிறார். இந்தக் கடிதத்தோடு அதையும் பார்சலில் அனுப்புகிறோம். படிவமும் கார்டும் உள்ளே பிளாஸ்டிக் பையில் இருக்கின்றன. நனைய விடாதே.

நீ வீட்டுக்கு வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. கார்மென்ட்டில் ஒரு நாள் லீவு கேள். தரமாட்டார்கள் என்று நீயாக முடிவு கட்டாதே, வாயைத் திறந்து கேள். போர்டிங்கிலிருந்து நேரே கொழும்புக்குப் போ. மிஸ் வாசலில் நிற்பார். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பஸ்லியாவிடம் சொல்லி அனுப்பு, நான் வரவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் வருவேன், தள்ளி நிற்பேன்.

உன் கைக்கும் தோளுக்கும் முருகன் துணை இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

அளக்கிற இடத்தில் டொக்டர் கேட்பார், எப்போதிலிருந்து என்று. பிறந்ததிலிருந்தே என்று சொல். சின்ன வயதில் ஏன் காட்டவில்லை என்றும் கேட்பார்கள். அப்போது என் முகத்தைப் பார்க்காதே. லீவு கிடைக்கவில்லை, பாஷை தெரியவில்லை என்று எனக்காக ஒன்றும் சொல்லாதே. அம்மா கூட்டிக்கொண்டு போகவில்லை என்று சொல். நான் பக்கத்தில் நின்றாலும் அப்படியே சொல்.

உன்னைப் பெற்றவள்,
பிரேமலதா